வன்னிச் சாப்பாட்டைக் கலோரிச் செயலியில் பதிவது எப்படி

சாப்பிட்டதை நீங்கள் சொல்கிறீர்கள், போன் கூட்டிக் காட்டுகிறது. கலோரி எண்ணும் செயலி எதுவானாலும் வேலை இவ்வளவுதான். சொன்னது பிழை என்றால் கூட்டலும் பிழை. வன்னி வீடுகளில் இந்தப் பிழை பெரும்பாலும் தேங்காய், எண்ணெய், தேத்தண்ணி ஆகிய மூன்றிலும்தான் வருகிறது. சோற்றைப் பாதியாக்கியும் நிறை இறங்கவில்லை என்பவர்கள் முதலில் இவற்றைப் பார்க்கவேண்டும்.

செயலியைவிட முக்கியமான பொருள் தராசு. 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிற்றல் சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். ‘ஒரு கோப்பை சோறு’, ‘இரண்டு அகப்பை கறி’ என்று பதிந்தால் வீட்டுக்கு வீடு இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

எந்தச் செயலி?

மைபிட்னஸ்பால் செயலியில் உணவுப் பட்டியல் மிகப் பெரியது. ஆனால் அதில் பெரும்பகுதி பாவனையாளர்களே ஏற்றியது. ஒரே உணவுக்கு ஐந்து விதமான எண் கிடைக்கும். பொதியின் பட்டைக் குறியை ஸ்கான் பண்ணும் வசதியும் 2022இலிருந்து காசு கட்டுபவர்களுக்குத்தான். ஹெல்திஃபைமீ இந்தியச் சமையலுக்கு நல்லது. இட்லி, சாம்பார் எல்லாம் இருக்கும், ஆனால் எங்கள் சொதியையும் ஒடியற்கூழையும் அதில் எதிர்பார்க்க முடியாது. குரோனோமீற்றரின் பட்டியல் சிறியது, ஆனால் சரிபார்க்கப்பட்டது. அரிசிமா, தேங்காய்ப்பூ, பருப்பு என்று மூலப்பொருளாகப் பதிந்து நீங்களே கறியைக் கட்டுவதற்கு அதுதான் தோது. தேடும்போது ஆங்கில எழுத்தில் புட்டு என்றும் பிட்டு என்றும் இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள். அரிசியென்றால் வேகாததா வெந்ததா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். 100 கிராம் வேகாத அரிசியில் ஏறத்தாழ 360 கலோரி, 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130. இது மாறினால் அன்றைய கணக்கே குழம்பிவிடும்.

நாளுக்கு எவ்வளவு?

பல செயலிகள் மிஃப்ளின்–செயின்ற் ஜியோர் சூத்திரத்தால் கணக்கிடுகின்றன. நிறையை (கிலோ) 10ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்கவேண்டும். பின் பெண்ணென்றால் 161ஐக் கழித்து, ஆணென்றால் 5ஐக் கூட்டவேண்டும். 40 வயது, 155 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு 1,328 வரும். சும்மா படுத்திருந்தாலும் உடல் நாளுக்குச் செலவழிக்கும் கலோரி அது. வீட்டு வேலையும் கொஞ்ச நடையும் என்றால் அதை 1.375ஆல் பெருக்க 1,826, அதாவது நிறை கூடாமல் குறையாமல் நிற்கும் அளவு. நாளுக்கு 1,400இல் நின்றால், வாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் இறங்கும். ‘வாரம் ஒரு கிலோ’ என்று தெரிவு செய்தால் செயலி பட்டினிக் கணக்குத் தரும். பெண்கள் 1,200க்குக் கீழும் ஆண்கள் 1,500க்குக் கீழும் வைத்தியர் சொல்லாமல் போகவேண்டாம்.

‘வயல் வேலை’ என்பதால் எல்லா மாதமும் கடும் உழைப்பு என்று தெரிவு செய்வது பெரிய பிழை. வரம்பு கட்டுகிற, களை பிடுங்குகிற நாட்கள் வேறு. மெசின் வந்து அறுத்துப் போகிற நாட்கள் வேறு. குறைந்த அளவையே வைத்துவிட்டு, உழைப்புக் கூடிய வாரங்களில் மட்டும் மாற்றுங்கள். நடந்ததற்காகக் கலோரியைத் திரும்பச் சேர்த்துத் தரும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அது தரும் எண் பெரும்பாலும் கூடவாகவே இருக்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்த வழியைத் தொடவேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் மருந்தை அப்படியே வைத்துச் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். தொடங்க முன்னரே கிளினிக் கொப்பியோடு போய்க் கதையுங்கள். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் செயலி சொல்கிறது என்பதற்காகப் புரதத்தைக் கூட்டக்கூடாது.

சட்டியோடு நிறுப்பது

ஒரு வீட்டில் ஒரே சட்டியில் ஐந்து பேருக்குச் சமைத்தால் உங்கள் பங்கு எவ்வளவு? இதற்கு ஒரு வழிதான் உண்டு, ஒருமுறை பழகினால் இலகு. வீட்டிலுள்ள சட்டி, தாச்சி, நீத்துப்பெட்டி எல்லாவற்றையும் வெறுமையாக நிறுத்து, எண்களை ஒரு தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். சமைக்க முன் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துச் செயலியின் ‘ரெசிப்பி’ பகுதியில் பதியுங்கள். சமைத்தபின் சட்டியோடு நிறுத்து, சட்டியின் நிறையைக் கழியுங்கள். மீதிதான் கறியின் மொத்த நிறை. அதையே ‘எத்தனை பங்கு’ என்ற இடத்தில் போட்டால் ஒரு பங்கு ஒரு கிராமாகிவிடும். பிறகு கோப்பையில் போட்டதை நிறுத்து அந்த எண்ணை அப்படியே பதியலாம்.

புட்டை எடுங்கள். வறுத்த சிவப்பரிசி மா 500 கிராம், ஏறத்தாழ 1,800 கலோரி. தேங்காய்ப்பூ 200 கிராம், 700. மொத்தம் 2,500. அவித்தபின் ஒரு கிலோ வந்தால் 100 கிராமில் 250 கலோரி. ஒரு கோப்பை நிறையப் போட்டால் 250 கிராம், அதாவது 625 கலோரி, கறி சேராமலே. தேங்காயைப் பாதியாக்கினால் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கலோரி 2,150 ஆகும், ஆனால் புட்டின் நிறையும் 900 ஆகிவிடும், 100 கிராமுக்கு 239. மிச்சம் மிகச் சிறிது, ருசியோ போய்விடும். தேங்காயை விட்டுவைத்து, பொடியாய் அரிந்த கீரை 200 கிராமைக் கலந்து அவியுங்கள். 100 கிராமுக்கு 220 அளவில் வரும், வயிறும் நிறையும்.

பாலில்தான் தேங்காய் உண்மையாக வேலை காட்டுகிறது. கெட்டி முதற்பால் 100 மில்லியில் 200 கலோரிக்கு மேல் இருக்கும். பிழிந்த சக்கையில் கொழுப்பில் எவ்வளவு நின்றது என்று வீட்டில் அளக்க முடியாது. எனவே பிழிய எடுத்த தேங்காய்ப்பூ முழுவதையும் பதியுங்கள். கொஞ்சம் கூடவாக எழுதியதால் நட்டமில்லை. சொதியை கப்பிப்பாலில் வைத்து, முதற்பாலைக் கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டால் ருசி கெடாது.

எண்ணெய்க்குப் போத்தலை நிறுங்கள், சமைக்க முன்னும் பின்னும். வித்தியாசத்தின் ஒவ்வொரு கிராமும் 9 கலோரி. பொரியலென்றால் தாச்சியை எண்ணெயோடு முன்னர் ஒருமுறையும், பொரித்து ஆறியபின் ஒருமுறையும் நிறுங்கள். கத்தரிக்காய் பொரித்த குழம்பு வைக்கிற நாளில் இதைச் செய்து பாருங்கள். கத்தரிக்காய் பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். அதே கத்தரிக்காயை வெள்ளைக்கறியாக வைத்த நாளோடு ஒப்பிட்டால் எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை வைப்பது என்று நீங்களே முடிவெடுப்பீர்கள்.

தேத்தண்ணியும் வெளிச்சாப்பாடும்

குவித்த ஒரு தேக்கரண்டி சீனி 7 கிராம் வரும், 28 கலோரி. இரண்டு கரண்டி சீனியும் 20 கிராம் பால்மாவும் போட்ட தேத்தண்ணி ஏறத்தாழ 155. நாளுக்கு நாலு தரம் குடித்தால் ஒரு நேரச் சாப்பாடே அதில் போய்விடும். ஒவ்வொரு முறையும் பதிவதைவிட ‘எங்கள் வீட்டுத் தேத்தண்ணி’ என்று ஒரு உணவைச் சேமித்து வையுங்கள். வெறுந்தேத்தண்ணியோடு கடிக்கும் பனங்கட்டிக்கும் கணக்கு உண்டு: கிராமுக்கு 4 கலோரிக்குச் சற்றுக் குறைவு, சீனியைப் போலத்தான்.

முறிகண்டியில் பஸ் நின்றால் கச்சான் வாங்காமல் வரமாட்டோம். 50 கிராம் சரை ஒன்றில் 280 கலோரிக்கு மேல். சாப்பிடலாம், ஆனால் பதியவேண்டும். பாண் நிறுத்துப் பதிய இலகுவானது: 450 கிராம் றாத்தலில் கால் பங்கு ஏறத்தாழ 300. கொத்துறொட்டிக்குச் செயலியில் கிடைக்கும் சிறிய எண்ணை நம்பவேண்டாம், ஒரு பொதியை 1,000 என்று போடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலன்றும் கலியாண வீட்டிலும் தராசை மறந்துவிட்டு, இரவு குத்துமதிப்பாக எழுதினால் போதும். பதியாமல் விட்ட ஒரு நாள்தான் பதியாத ஒரு வாரமாக நீளும்.

குறைத்த சோற்றின் இடத்தில் மீன் வரட்டும். குளத்துத் திலாப்பியா பச்சையாக 100 கிராமில் 96 கலோரி, 20 கிராம் புரதம். இந்த விலைக்கு இதைவிட நல்ல உணவு வன்னியில் கிடைப்பது கஷ்டம்.

நிறை இறங்காவிட்டால்

காலையில் மலசலம் கழித்தபின், எதுவும் குடிக்க முன், ஒரே தராசில் ஏறுங்கள். தனி நாள் எண்ணைப் பார்க்காமல் ஏழு நாட் சராசரியைப் பாருங்கள். கருவாட்டுக் கறி சாப்பிட்ட அடுத்த நாள் உப்பால் நீர் தங்கி நிறை கூடவே காட்டும். மாதவிடாய்க்கு முன்னும் அப்படித்தான். நாலு வாரச் சராசரி அசையவில்லையென்றால் முதலில் எண்ணெயையும் தேத்தண்ணியையும் ஒரு வாரம் கவனமாக நிறுங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் நாளுக்கு 100 அல்லது 150 குறையுங்கள்.

கால் இழந்தவர்களுக்குச் செயலி காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் எண்) பொருந்தாது. செயற்கைக்காலைக் கழற்றி நிறுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லையென்றால் அந்த நிறையை 0.941ஆல் வகுக்கவேண்டும்: 65 கிலோவென்றால் 69. சுட்டியை 69ஐ வைத்துக் கணக்கிடுங்கள், கலோரிக்கு 65ஐயே கொடுங்கள். செயற்கைக்காலோடு நடக்கச் சக்தி கூடத் தேவை, சக்கர நாற்காலியிலென்றால் நாளின் மொத்தச் செலவு குறைவு, இரண்டையும் போன் அறியாது. ஆகவே நாலு வாரச் சராசரியைப் பார்த்தே இலக்கைத் திருத்துங்கள். நிறை இறங்க இறங்கச் செயற்கைக்காலின் குழி தளரும், கால் உள்ளே ஆடி உரஞ்சும். தோல் சிவந்தாலோ கொப்புளம் வந்தாலோ துணியைச் சுற்றிச் சமாளிக்காமல், கால் பொருத்திய இடத்துக்கே போய்ச் சரிசெய்விக்கவேண்டும். நீரிழிவும் இருந்தால் அதே நாளில் போங்கள்.