வேலை போனதும் எழுத உட்கார்ந்தால்
கடலூரில் இருந்த வேலை போன மறுவாரமே நான் கட்டுரை எழுதித் தரும் வேலை கேட்டு ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினேன், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் செய்யாதீர்கள். முதலில் உங்களுக்குத் தெரிந்த துறை ஒன்றைப் பிடியுங்கள். பண்ருட்டி முந்திரி வியாபாரம் தெரியுமா, புதுச்சேரி தங்கும் விடுதிகளைப் பற்றித் தெரியுமா, அதில் மூன்று மாதிரிக் கட்டுரைகள் எழுதி கூகுள் டாக்ஸில் போட்டு, அந்த லிங்க்கோடு, அந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக, அவர்கள் இணையதளத்தில் எந்தப் பக்கம் சரியில்லை என்றும் சொல்லி எழுதுங்கள். வீட்டில் மின்சாரம் போனால் புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. 1827-இல் தொடங்கியது, செலவில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம்.

அப்புறம் பணம். புதிய வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் தொடங்காதீர்கள். எத்தனை வார்த்தை, எத்தனை முறை திருத்தம் என்பதையும் மெயிலிலேயே எழுதி வாங்குங்கள். என்னை ஒருவர் ஏழு முறை திருத்த வைத்துவிட்டுக் காணாமல் போனார். 'சும்மா ஒரு சாம்பிள்' என்று இலவசமாகக் கேட்பவர்களுக்கு பழைய மாதிரியையே நீட்டுங்கள். ஜிஎஸ்டி பயம் இப்போதைக்கு வேண்டாம், ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உங்களுக்குத் தரும் பணத்தில் முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடித்தால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி போக மிச்சத்தைத் திரும்பப் பெறலாம்.