ஆதரவு முடிந்த இயங்குதளத்திலிருந்து அலுவலகக் கணினிகளை மாற்றத் திட்டமிடும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்ததால், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியில் கடை நடத்துபவர்களுக்கு அந்த வாரத்தில் கணினியைப் பற்றி நினைக்கவே நேரம் இருந்திருக்காது. மறுநாள் காலையும் கணினி வழக்கம்போல் திறந்தது, பில் அடித்தது, பிரிண்டர் ஓடியது. எதுவும் நின்றுபோகாததால், எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் பலருக்கு எளிதில் வந்துவிடுகிறது. இன்னமும் பழைய இயங்குதளத்தில் வேலையை நடத்திக்கொண்டிருக்கும் சிறு நிறுவனங்களுக்காகவும், அடுத்த முடிவுத் தேதி வருமுன் திட்டமிட விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆதரவு முடிந்தபின் நின்றுபோவது பாதுகாப்புப் புதுப்பிப்பு. விண்டோஸ் 11இல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படும்போது, அந்த அடைப்பை ஆராய்ந்து பார்ப்பவருக்கு அதே ஓட்டை பழைய பதிப்பில் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பழைய பதிப்பிலோ அது அடைபடாமலே கிடக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீய நிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகே பொதுவான திருத்தம் வந்தது.

மாற்றத் திட்டம் என்றவுடன் எத்தனை கணினி வாங்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. திட்டத்தின் நாளையும் செலவையும் முடிவு செய்வது கணினியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மிகப் பழைய பொருளாகவே இருக்கிறது. அது கணக்கு மென்பொருளாக இருக்கலாம், லேபிள் பிரிண்டராக இருக்கலாம், எடைத் தராசாகவும் இருக்கலாம். அந்தப் பொருளைக் கண்டுபிடிப்பதிலிருந்தே திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

இதை நான் ஒரு மளிகைக் கடையில் கற்றுக்கொண்டேன். அங்கே நான்கு கணினிகளையும் ஒரே இரவில் மாற்றிக் கொடுத்தோம்; எல்லாம் சரியாக இருந்ததாகவே நினைத்தோம். காலையில் மசாலாப் பொட்டலங்களுக்கு விலை லேபிள் அடிக்கும் பிரிண்டர் அசையவில்லை. அதன் டிரைவர், அதாவது சாதனத்தைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரல், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸுக்காக எழுதப்பட்டது; தயாரித்த நிறுவனம் புதிய டிரைவர் எதையும் வெளியிடவில்லை. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. பழைய 32 பிட் மென்பொருள் அதில் பெரும்பாலும் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவர் ஓடாது. அதைவிடப் பழைய 16 பிட் நிரல்களும் ஓடா. இந்த வேறுபாட்டை நான் முன்பே சோதித்திருக்க வேண்டும். கடைக்காரர் அம்மா நான்கு நாள் கையாலேயே விலை எழுதி ஒட்டினார்.

ஆகவே ஒவ்வொரு கணினியின் அருகிலும் அதில் வேலை செய்பவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் ஒரு நாளில் திறக்கும் மென்பொருள்களையும், அந்தக் கணினியில் செருகியிருக்கும் சாதனங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ மட்டும் செய்யும் வேலை எது என்பதைத் தனியாகக் கேளுங்கள். மறந்துபோவது எப்போதும் அதுதான். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதன் பதிப்பு, உரிமக் குறியீடு எங்கே இருக்கிறது, விற்றவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, விண்டோஸ் 11இல் ஓடும் என்று எழுத்தில் உறுதி தருவாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் “ஓடும், ஓடும்” என்று சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளின் ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அவையும் இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

தமிழில் ஆவணம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. கோயில் ரசீதுகள், அச்சகத்தின் திருமண அழைப்பிதழ்கள், சங்கங்களின் பழைய கூட்டக் குறிப்புகள் எனப் பல கோப்புகள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றம் பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. 1997இலேயே தமிழிணைய மாநாடு நடந்த ஊர் இது. எனவே இங்கே பழைய குறியேற்றக் கோப்புகள் நிறையவே இருக்கும். புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் முதலில் நகலெடுத்து வையுங்கள். முக்கியமான ஆவணங்களை அந்தக் கணினி ஓடும்போதே யூனிகோடுக்கு மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்ற நேரமில்லாதவற்றைக் குறைந்தது பிடிஎஃப் ஆகவாவது சேமியுங்கள்.

இதன் பிறகே கணினியின் தகுதியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், கணினி திறக்கும்போது நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலி இவற்றைச் சரிபார்த்துச் சொல்லும். அது “தகுதியில்லை” என்று சொன்னவுடன் கணினியை ஒதுக்கிவிட வேண்டாம். டிபிஎம் பல கணினிகளில் இருந்தும், விண்டோஸ் திறப்பதற்கு முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே போதும். ஆனால் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி போட்ட கணினியில் பயாஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன், அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வட்டைத் திறக்க முடியாமல் போகலாம். தகுதியில்லாத கணினியில் தடையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றும் வழிகள் உண்டு என்றாலும், அத்தகைய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதி இல்லை. தொழிலுக்கு அது வேண்டாம்.

தகுதியே இல்லாத கணினிகளுக்கு அவகாசம் வாங்கலாம். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டில் 61 அமெரிக்க வெள்ளி. ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகி, மூன்றாண்டுகளுக்கு மொத்தம் 427 அமெரிக்க வெள்ளி ஆகிறது. இரண்டாம் ஆண்டில் சேர்பவர் முதல் ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும் என்பதால், தாமதித்துச் சேர்ந்து மிச்சம் பிடிக்க முடியாது. கணினி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாண்டுத் தொகையைப் பார்த்தால், ஒரு புதிய அலுவலகக் கணினியின் விலையில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடுகிறது. ஆகவே முதல் ஆண்டுக்கு மட்டும், அதுவும் மாற்ற முடியாத மென்பொருளால் சிக்கியிருக்கும் கணினிகளுக்கு மட்டும் வாங்குவதே என் பரிந்துரை. புதிதாக வாங்குபவர்கள் கணக்காளரிடமும் பேசிவிடுங்கள். கணினிக்குச் செலவிட்ட தொகை முழுவதையும் ஒரே ஆண்டில் மூலதனப் படியாகக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருவாய் ஆணையம் இடம் தருகிறது.

எவ்வளவு முயன்றாலும் ஒன்றிரண்டு கணினிகள் பழைய இயங்குதளத்திலேயே மிஞ்சும். அவற்றை இணையத்திலிருந்து துண்டித்து, மின்னஞ்சலையும் உலாவியையும் நீக்கி, மற்றக் கணினிகள் இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்து வையுங்கள். இதைவிட முக்கியமான வேலை, அந்தக் கணினி ஏன் வைத்திருக்கப்படுகிறது, எந்தத் தேதியில் அகற்றப்படும், அந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டவர் யார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முதலாளி கையெழுத்திடுவது. சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழும் இதையே கேட்கிறது: ஆதரவு முடிந்தவற்றை மாற்ற வேண்டும்; தொடர்ந்து பயன்படுத்தினால் அபாயத்தை மதிப்பிட்டு மேல்நிலை நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கணினி என்றால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிடுகிறது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளை அது கோருகிறது. 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அபராதம் 10 லட்சம் வெள்ளி வரையிலும், பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு மேலும் போகலாம்.

நாள் குறிப்பதில் நம் ஊர் வழக்கத்தைப் பார்த்தாக வேண்டும். மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் வேண்டாம். மத்திய சேம நிதிச் சந்தாவை 14ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், சம்பளம் பார்ப்பவர் அப்போது கணினியை விட்டு எழ மாட்டார். காலாண்டுதோறும் பொருள் சேவை வரி தாக்கல் செய்பவர்கள் அதற்கான மாதக் கடைசியையும் தவிர்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில் எதையும் தொடக் கூடாது. பல நிறுவனங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வசதியான நாள். ஆனால் சிராங்கூன் சாலையின் தேக்கா வட்டாரத்தில் அது வாரத்தின் மிகப் பரபரப்பான நாள் என்பதால், மூன்றாம் வாரத்துச் செவ்வாய் இரவே அங்கே சரியாக இருக்கும்.

முதலில் ஒரே ஒரு கணினியை மாற்றி, முழு மாதச் சுற்று முடியும்வரை கவனியுங்கள். அந்த ஒன்று, அதிகச் சாதனங்கள் செருகியிருக்கும் கணினியாக இருப்பது நல்லது. முதலாளியின் மடிக்கணினியில் தொடங்கினால் எதுவும் தெரியவராது. மாற்றுமுன் வட்டு முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். விண்டோஸ் 10க்கு மேலேயே 11ஐ ஏற்றினால், பழையதற்குத் திரும்ப இயல்பாக 10 நாள்தான் அவகாசம்; அதன் பின் பழைய இயங்குதளத்தின் கோப்புகள் அழிந்துவிடும். அந்த 10 நாளுக்குள் எல்லாப் பிரிண்டரிலும் அடித்து, வங்கிக் கோப்பு ஒன்றை அனுப்பி, பழைய ஆண்டுக் கணக்கொன்றைத் திறந்து சோதித்துவிட வேண்டும்.

பழைய கணினிகளை வெளியேற்றும்போது அவசரம் கூடாது. கணக்குப் பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். ஆகவே பழைய மென்பொருளில் மட்டுமே திறக்கும் கணக்குகளை வேறு வடிவில் எடுத்த பிறகே வட்டை அழியுங்கள். கோப்பை அழித்துக் குப்பைத் தொட்டியைக் காலி செய்வது வட்டை அழிப்பதாகாது. மின்கழிவாகக் கொடுக்கும்போது உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து, வட்டு எண்ணோடு அழிப்புச் சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

எல்லாக் கணினிகளும் மாறியபின், நாட்காட்டியில் இன்னும் சில தேதிகளைக் குறிக்க வேண்டும். விண்டோஸ் 11 ப்ரோவின் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஆதரவு 24 மாதம்தான். 24எச்2 பதிப்புக்கு அது 2026 அக்டோபர் 13ஆம் தேதி முடிகிறது. அலுவலகத்தின் மூலையில் யாரும் கவனிக்காத சர்வர் ஒன்று இருக்குமானால் அதையும் திறந்து பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2016க்கு ஆதரவு 2027 ஜனவரி 12ஆம் தேதி முடிகிறது. சர்வரை மாற்றுவதற்கு மேசைக் கணினியைவிட நெடுநாள் பிடிக்கும் என்பதால், அதற்கான மென்பொருள் பட்டியலை எழுதும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.