சிறு அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில் கோடை இரவொன்றில் தோட்டத்தில் விளக்குப்பொறி வைத்தால், காலையில் பொறிக்குள் அடுக்கிய முட்டை அட்டைகளின் குழிகளில் பெரிய அந்துப்பூச்சிகளோடு அரிசி நீளம்கூட இல்லாத பொடிப் பூச்சிகளும் ஒட்டியிருக்கும். பிரிட்டனில் அந்துப்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 2,500. அவற்றில் சுமார் 1,600 இந்தச் சிறு அந்துகள்தான். எது எங்கே வாழ்கிறது என்ற விவரம் பெரும்பாலும் ஆர்வலர்கள் அனுப்பும் பதிவுகளிலிருந்தே சேர்கிறது. ஒரு பதிவு விட்டுப்போனால் அடுத்த வருடம் யாராவது நிரப்பிவிடலாம். தப்பான பதிவு ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால், யாருக்காவது சந்தேகம் வரும்வரை வரைபடத்தில் புள்ளியாக உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதல் தவறு, எப்படியாவது இனப்பெயர் வரை போய்விட வேண்டும் என்ற அவசரம். எர்மின் அந்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை இறக்கை, அதில் வரிசையாகக் கரும்புள்ளிகள். புள்ளிகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் ஐந்து நீள வரிசைகளில் இருந்தால் அது பேர்ட் செர்ரி எர்மின், தைரியமாக எழுதலாம். ஆனால் ஆப்பிள் எர்மின், ஆர்ச்சர்ட் எர்மின், ஸ்பின்டில் எர்மின் மூன்றையும் விளக்குக்கு வந்த நிலையில் தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இதே பூச்சியைப் புழுவாக ஆப்பிள் மரத்தில் வலை பின்னியிருக்கும்போது பார்த்தால் ஆப்பிள் எர்மின் என்று சொல்லிவிடலாம். ஸ்பின்டில் செடியில் இருந்தால் அது ஸ்பின்டில் எர்மின். அங்கே செடிதான் அடையாளம். பொறியில் வந்ததற்கு அந்த ஆதாரம் இல்லை, ஆகவே பிரித்தறிய முடியாத இனங்களின் தொகுப்பு என்ற பொருளில் ‘எர்மின் கூட்டினம்’ என்று எழுதுவதுதான் சரியான பதிவு. அதை அரைகுறைப் பதிவு என்று நினைத்து வெட்கப்படத் தேவையில்லை.

கோலியோஃபோரா பேரினமும் இப்படித்தான். பிரிட்டனில் மட்டும் நூறுக்கும் மேல் இனங்கள். வளர்ந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்ய, வயிற்று நுனியைக் காரக் கரைசலில் மென்மையாக்கி, இனப்பெருக்க உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு பூச்சியைக் கொல்ல மனம் வராதவர்கள் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கொல்லவும் மாட்டேன், பெயரும் வேண்டும் என்பதுதான் நடக்காது.

அடுத்து, படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பது. படத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லும் ஆப் முதலில் காட்டும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இதில் சேரும். லைட் பிரவுன் ஆப்பிள் அந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1930களில் கார்ன்வாலில் வேரூன்றியது. இன்று சாதாரணமாகத் தோட்டங்களில் வருகிறது. ஒரே இனமாக இருந்தும் பூச்சிக்குப் பூச்சி நிறம் மாறும்: ஒன்று பாதி வெளிர், பாதி அடர் பழுப்பாக இருக்கும். பக்கத்தில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருக்கும். புதியவர்கள் இதை வேறு வேறு அரிய இனங்களாக நினைத்துவிடுவது சகஜம். அரிய பெயர் மனதில் தோன்றினால், முதலில் இந்தச் சாதாரண இனம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அந்தப் பூச்சி பறக்கும் மாதம் எது, புழு தின்னும் செடி அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செதில் உதிர்ந்து சாம்பலாகிப்போனதைப் பெயரிடாமல் விட்டுவிடுவதே நல்லது. படம் எடுப்பதாக இருந்தால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கூடவே ஒரு அளவுகோல். அப்புறம் உட்காரும் விதத்தையும் கவனியுங்கள்: ஆர்கைரெஸ்தியா பேரினப் பூச்சி தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி நிற்கும், கலோப்டிலியா பேரினத்தது முன்னுடலை நிமிர்த்தி முன்கால்களில் ஊன்றி நிற்கும்.

புழு இலைக்குள்ளேயே தின்றுபோன தடங்களான இலைச் சுரங்கங்கள் விஷயத்தில் பலர் செடியைக் குறிக்க மறந்துவிடுகிறார்கள். செடி தெரியாத சுரங்கப் படத்தால் பெரும்பாலும் பயனில்லை. காலியான சுரங்கமா, உள்ளே புழு இருந்ததா என்பதையும் எழுதுங்கள். முள்கொடியான பிராம்பிள் இலையில் ஸ்டிக்மெல்லா ஆரெல்லா என்ற சிறு அந்தின் புழு போட்ட வளைகோடு குளிர்காலத்திலும் தெரியும். அதை ‘வளர்ந்த பூச்சி, ஜனவரி’ என்று பதிந்தால் பறக்கும் காலமே குழம்பிவிடும்.

தேதியிலும் இடத்திலும் வரும் தவறுகள் சின்னவை, ஆனால் ஏராளம். ஜூலை 14 மாலை வைத்த பொறியை 15 காலை பார்த்தாலும் தேதி 14தான். இடத்துக்கு ஊர்ப்பெயர் மட்டும் போதாது. வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் கட்டக் குறியீடு (grid reference) வேண்டும். ஆறிலக்கக் குறியீடு நூறு மீட்டர் சதுரத்தைக் காட்டும். வெளியூரில் பார்த்ததற்கு வீட்டுக் குறியீட்டைப் போட்டுவிடாதீர்கள். அதோடு, பதிவுகள் தாவரவியலாளர் வாட்சன் 1852இல் வகுத்த வைஸ்-கவுண்டி எல்லைப்படிதான் போகும்; நிர்வாக எல்லை மாறினாலும் மாறாத, எண்ணிட்ட பதிவுப் பகுதிகள் இவை. 27 கிழக்கு நார்ஃபோக், 28 மேற்கு நார்ஃபோக். 1974இல் சஃபோக்கிலிருந்து நார்ஃபோக்குக்கு மாறிய ஹாப்டன், பெல்டன் போன்ற ஊர்கள் இந்தக் கணக்கில் இன்னும் 25, அதாவது கிழக்கு சஃபோக்.

அரியதை மட்டும் அனுப்பி, சாதாரணமானதை ஒதுக்குவதும் தவறுதான். குதிரைச் செஸ்ட்நட் இலைகளைப் பழுப்பாக்கும் கேமரேரியா ஓரிடெல்லா என்ற சிறு அந்து பிரிட்டனில் 2002இல் லண்டன் விம்பிள்டனில் முதலில் தென்பட்டது. இன்று எங்கும் இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளாமல் ஆண்டுதோறும் எழுதினால்தான் அது குறைகிறதா, கூடுகிறதா என்று சொல்ல முடியும்.

அனுப்பிய பிறகு, பதிவுகளைச் சரிபார்க்கும் கவுண்டிப் பதிவாளர் படம் கேட்டாலோ, “இதை எப்படி உறுதி செய்தீர்கள்?” என்று எழுதினாலோ கோபம் வேண்டாம். கடினமான இனம் என்றால் எல்லோரிடமும் கேட்பார். பூச்சியைச் சின்னக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், பதில் வரும்வரை ஓரிரு நாள் அமைதியாக இருக்கும்.