ஆல்ப்ஸ் ஏரிக்கரையில் ஒரு வாரம்: சால்ஸ்காமர்குட் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரியா போகிறவர்களில் பலர், ஏரிகளும் மலைகளும் நிறைந்த சால்ஸ்காமர்குட் வட்டாரத்தின் ஹால்ஸ்டாட் கிராமத்தைப் பேருந்துச் சுற்றுலாவின் நடுவே இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், ஏரியும் தெரியாது, மலையும் தெரியாது. அந்த வட்டாரத்தில் மழை அதிகம் கொட்டுவதே கோடையில்தான். நாள் முழுக்கத் தூறுவதும் உண்டு. காலையில் பளிச்சென்று விடிந்து, பிற்பகலில் இடி இடிப்பதும் உண்டு.

அதனால் ஒரே ஊரில் குறைந்தது ஐந்து இரவு தங்குங்கள். எந்த நாள் எங்கே என்று சிங்கப்பூரிலேயே அட்டவணை போட்டுவிடாதீர்கள். மலை, ஏரி, நடைபாதை ஒரு பட்டியல். சுரங்கம், தேவாலயம், மாளிகை இன்னொரு பட்டியல். வானம் தெளிந்தால் முதலாவது, மூடினால் இரண்டாவது. இயற்கையும் பண்பாடும் இத்தனை நெருக்கமாக இருக்கும் இடத்தில் இப்படிச் செய்தால் மழை நாளும் வீணாகாது.

எப்போது போவது

பள்ளி விடுமுறையை வைத்துப் பார்த்தால் ஜூன்தான் சிறந்தது. இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் 2,000 மீட்டருக்கு மேலுள்ள பாதைகளில் பனி கிடக்கலாம் என்பதால், உயர நடைகளை மாதத்தின் பிற்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்குப் பின் 60ஆம் நாள், ஒரு வியாழக்கிழமை, கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா வருகிறது. அன்று ஹால்ஸ்டாட்டிலும் டிரவுன் ஏரிக்கரை ஊரான டிரவுன்கிர்ஹனிலும் கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பவனி படகுகளில் ஏரி மீது போகும். ஹால்ஸ்டாட்டில் இது 17ஆம் நூற்றாண்டு முதல் நடந்துவருகிறது. சில ஆண்டுகளில் விழா மே கடைசியிலேயே வந்துவிடும். தேதி பார்த்துத் திட்டமிடுங்கள். அன்று பொது விடுமுறை, கடைகள் திறக்கா.

நவம்பர் வேண்டாம். மலை ரயிலும் பனிக்குகையும் மூடிவிடும், பல விடுதிகளும் ஓய்வெடுக்கும். டிசம்பரில் வோல்ஃப்காங் ஏரிக்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் சந்தை களைகட்டும். ஆனால் மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும்.

போய்ச் சேருவதும் தங்குவதும்

மியூனிக்கில் இறங்குவது வசதி. விமான நிலைய இயந்திரத்திலேயே ‘பயர்ன் டிக்கெட்’ என்ற பவேரிய மாநில நாள் சீட்டை வாங்கினால் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் சால்ஸ்பர்க் நிலையம் வரை போகலாம். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்; வட்டார ரயிலில் மட்டுமே ஏறலாம். அந்தச் சீட்டோடு விரைவு ரயிலில் ஏறி அபராதம் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பயணிகள் பெயரையும் சீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

சால்ஸ்பர்க்கிலிருந்து பாட் இஷ்லுக்கு 150ஆம் எண் பேருந்து, சுமார் ஒன்றரை மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், முதலில் ஃபுஷ்ல் ஏரி, பிறகு வோல்ஃப்காங் ஏரி இரண்டும் அந்தப் பக்கம்தான் வரும்.

தங்குவதற்கு எங்கள் தேர்வு பாட் இஷ்ல். ஏரிக்கரை ஊர் இல்லை, ஆற்றங்கரை ஊர். ஆனால் தெற்கே ஹால்ஸ்டாட்டுக்கு ரயிலில் அரை மணிக்குள் போகலாம், வடக்கே டிரவுன் ஏரிக்கும் அதே ரயில் தடம், மேற்கே வோல்ஃப்காங் ஏரிக்குப் பேருந்து. கார் தேவையே இல்லை. சன்னலைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டும் என்றால் ஷ்டிரோபல் அல்லது சாங்க்ட் வோல்ஃப்காங். ஹோட்டலைவிடச் சமையலறையுள்ள ‘ஃபெரியன்வோனுங்’ என்ற விடுமுறை வாடகை வீடு குடும்பத்துக்கு ஏற்றது. கார் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் இங்கேயே அனைத்துலக ஓட்டுநர் அனுமதிச் சான்று எடுத்துவிடுங்கள். ஆஸ்திரிய விரைவுச்சாலைக்குத் தனியாக ‘விக்னெட்’ என்ற சாலைக் கட்டண வில்லை வாங்கவும் மறக்காதீர்கள்.

வானம் தெளிந்தால்

மலைக்குக் காசு கட்டுமுன் உச்சியில் உள்ள நேரலைக் கேமராவைப் பாருங்கள்; கேபிள் கார் நிறுவனங்களின் இணையப்பக்கத்திலேயே இருக்கும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மேகத்துக்குள் எதுவும் தெரியாமல் இருக்கலாம். கீழே மூடுபனி, மேலே நீல வானம் என்பதும் நடக்கும். 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி அளவு குறையும். ஹால்ஸ்டாட் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிரிப்பன்ஷ்டைன் உச்சி 2,100 மீட்டரில். கீழே 22 டிகிரி என்றால் மேலே 12தான், காற்று வேறு. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரவைக்கும். சீக்கிரம் காயும் சட்டை, மேலே ஒரு கம்பளி, அதற்கும் மேலே மழைச்சட்டை என்று அடுக்குங்கள்.

கிரிப்பன்ஷ்டைனுக்கு ஓபர்டிரவுனிலிருந்து கேபிள் கார். நடு நிலையத்தில் இறங்கினால் பனிக்குகை, உள்ளே உறைநிலைக் குளிர். மேல் நிலையத்திலிருந்து நடந்தால் பள்ளத்தாக்கின் மேல் விரல்கள்போல் நீட்டியிருக்கும் ‘ஃபைவ் ஃபிங்கர்ஸ்’ மேடை. முதல் வண்டியில் ஏறி, பிற்பகல் இடிக்குமுன் இறங்கிவிடுங்கள்.

ஷாஃப்பெர்க் மலைக்குப் பற்சக்கர ரயில், 1893 முதல் ஓடுகிறது. 1,783 மீட்டர் உச்சிக்கு ஏறக்குறைய 35 நிமிடம். ஜூனில் இடம் சீக்கிரம் நிரம்பும். ஆனால் வாரங்களுக்கு முன்பே பதிந்துவிட்டு மேகத்துக்குள் போய் நிற்பது இன்னும் மோசம். முந்தின நாள் முன்னறிவிப்பைப் பார்த்துக் காலை வண்டியில் பதிவுசெய்வதே நல்லது.

மூட்டு வலியுள்ள தாத்தா பாட்டியோடு போனால் முன் கோசாவ் ஏரி. கரையைச் சுற்றிச் சமதளப் பாதை, ஒன்றரை மணி நேர நடை, எதிரே டாஹ்ஷ்டைன் பனியாறு. மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரம் மலை பழகியவர்களின் நடைக்குரியது. நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. அந்த நேரத்தை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் மாட்டின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள். கன்றைக் காக்கப் பசு முட்டும்.

மழை பிடித்தால்

ஹால்ஸ்டாட்டுக்கு இதுவே சரியான நாள். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் வரும் நேரத்துக்குப் படகு காத்திருக்கும், பத்து நிமிடத்தில் அக்கரை. படகுக்குத் தனிச் சீட்டு, சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். இறங்கியதும் கடைசிப் படகின் நேரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அது மாலையிலேயே போய்விடும், தவறினால் பேருந்தோ டாக்சியோதான். காலை 10 முதல் பிற்பகல் 4 வரை சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் நிறையும். அதற்கு முன் வந்து ஊரைப் பாருங்கள், கூட்ட நேரத்தில் சுரங்கத்துக்குள் போய்விடுங்கள். எல்லோரும் படமெடுக்கும் வடக்குச் சந்து, 800 பேர்கூட இல்லாத ஊரில் மக்கள் குடியிருக்கும் தெரு. தாழ்ந்த குரலில் பேசுங்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள்.

உப்புச் சுரங்கத்தில் ஆண்டு முழுக்க 8 டிகிரி. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. உடைக்கு மேலே போட ஒரு சீருடை தருவார்கள், கால்சட்டை உள்ளது; சேலையோடும் நீண்ட பாவாடையோடும் அதற்குள் நுழைய முடியாது. பழைய தொழிலாளிகள்போல மரச் சறுக்கில் இறங்கலாம். நீளமானது 64 மீட்டர், பயந்தவர்களுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு உண்டு. அங்கே கண்டெடுத்த மரப் படிக்கட்டின் மரம் கி.மு. 1344இல் வெட்டப்பட்டது என்று ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். 1846இல் ராம்சவர் என்ற சுரங்க அதிகாரி இந்த மேட்டில் கல்லறைகளைத் தோண்டத் தொடங்கியதால்தான் ஐரோப்பாவின் தொடக்க இரும்புக்காலத்துக்கே இந்த ஊரின் பெயர் வந்தது. மேலே போகும் இழுவை ரயில் பராமரிப்புக்காக நிற்பதுண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கத் தேவாலயத்தின் பின்னால் எலும்பு இல்லம். இடுகாட்டில் இடம் போதாததால் சில ஆண்டுகள் கழித்து எலும்பை எடுத்து, வெயிலில் வெளுக்கவைத்து, மண்டையோட்டில் பெயரும் மலர்மாலையும் தீட்டினார்கள். அப்படித் தீட்டியவை 600க்கு மேல். அவை இந்த ஊர்க்குடும்பங்களின் முன்னோர்கள். அந்த மரியாதையோடு நில்லுங்கள்.

மழை இரண்டாம் நாளும் தொடர்ந்தால் பாட் இஷ்லில் கைசர் மாளிகை. 1914 ஜூலை 28இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் செர்பியா மீது போர் அறிவித்த ஆவணத்தில் கையெழுத்திட்டது இங்கேதான். சாங்க்ட் வோல்ஃப்காங் தேவாலயத்தில் மிகாயேல் பாகர் 1481இல் முடித்த மடக்குப் பலிபீடத்தை அவசரமில்லாமல் பாருங்கள். வட்டாரத்தில் ஒரே ஒரு கலைப்படைப்புக்குத்தான் நேரம் என்றால் அதுதான்.

சாப்பாடு

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்மாவு, பனீர், இறைச்சி எதையும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தேக்காவில் வாங்கும் ஆயத்தப் பொட்டலங்களில் நெய், பனீர் சேர்ந்ததை விட்டுவிட்டுச் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி, பெருங்காயம் எடுத்துப் போங்கள். பாஸ்மதி அரிசி, தயிர், காய் எல்லாம் அங்கே ஸ்பார், பில்லா கடைகளில் கிடைக்கும். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடேறாது. மின்னழுத்தம் நமக்குள்ள 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வட்டமான இரு முனை, மாற்றி வேண்டும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது சூப். காய்கறி மிதந்தாலும் அடிச்சாறு மாட்டெலும்பாக இருக்கலாம். சீஸ் ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டத்தில் பன்றி உப்புக்கண்டம் தூவுவதுண்டு. “ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்” (இறைச்சி இல்லாமல், பன்றி உப்புக்கண்டம் இல்லாமல்) என்று சொல்லுங்கள். பன்றி தவிர்ப்பவர்கள் உணவுப் பட்டியலில் ‘ஷ்வைன்’ (பன்றி) என்ற சொல்லைத் தேடுங்கள். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த மலிவு ஷ்னிட்ஸல் இறைச்சி பெரும்பாலும் பன்றிதான், பொரிக்கும் கொழுப்பையும் கேளுங்கள். ஏரி மீன் ரைனாங்கே அருமை.

ஆவணமும் காப்புறுதியும்

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியாளர்களுக்கும் ஷெங்கன் விசா தேவை. அதிக இரவு தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஏற்பார்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ.

காப்புறுதியில் மலை மீட்பு, ஹெலிகாப்டர் செலவு சேர்ந்திருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பொழுதுபோக்கு நடையில் கால் பிசகி ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் உங்களுடையது. மலை மீட்புக்கு எண் 140, பொது அவசரத்துக்கு 112. இரண்டையும் பிள்ளைகளின் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.