ரோட்டா வைரஸ்: வகையின் பெயரை வைத்து நோயின் கடுமையைக் கணிக்காதீர்கள்

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸில் ‘ஜி9பி8 வகை பரவுகிறது’ என்று செய்தி வந்தால், ‘அது கொடியதா?’ என்று கேட்கத் தோன்றும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஜி, பி இரண்டும் வைரஸின் வெளியுறையில் உள்ள இரண்டு புரதங்களைக் குறிப்பவை மட்டுமே. மரபுப்பொருளோ 11 துண்டுகளாக இருக்கிறது. வயிற்றுப்போக்கைத் தூண்டும் நச்சுப் புரதமான என்எஸ்பி4 உருவாவது வேறொரு துண்டிலிருந்து. ஒரே குழந்தைக்கு இரண்டு வகைகள் தொற்றினால் துண்டுகள் இடம் மாறிப் புதுக் கலவைகளும் பிறக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, குழந்தையின் மரபணுவை மறந்துவிடுவது. எஃப்யூடி2 என்னும் மரபணு, குடல் சுவரின் மேற்பரப்பில் சிலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் உருவாக உதவுகிறது. பி8 வகை வைரஸ் ஒட்டிக்கொள்ள அவை பிடிமானம். இந்த மரபணு செயல்படாத குழந்தைகளை பி8 வகை கடுமையாகத் தாக்குவது குறைவு. ஆக, ஒரே வைரஸ் ஒரு குழந்தையைப் படுக்கவைக்கும்; பக்கத்துக் குழந்தையைத் தொடாமலே போகும்.

முந்தைய தொற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் கவனித்து 1996இல் வெளியான ஆய்வில், இருமுறை தொற்றுக்கு ஆளான எவருக்கும் அதன்பின் மிதமான அல்லது கடுமையான நோய் வரவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிடம் மட்டும் மாதிரி எடுத்து, ‘இந்த வகையே கடுமையானது’ என்று முடிவு கட்டுவதும் பிழை. லேசாக வந்துபோன தொற்றுகள் அந்தக் கணக்கில் இல்லையே!

புது வகை வந்தால் தடுப்பு மருந்து பயன்படாது என்பதும் சரியல்ல. ஜி1பி8 என்ற ஒரே வகையிலிருந்து உருவான ரோட்டாரிக்ஸ், பிற வகைகளால் வரும் கடும் நோயையும் பெருமளவு தடுக்கிறது.

இவற்றுள் என்னை மிகவும் வருத்துவது, வகை தெரியட்டும் என்று காத்திருப்பதுதான். எந்த வகையானாலும் சிகிச்சை ஒன்றே. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பு. ஓஆர்எஸ் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆன்டிபயாட்டிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கண்கள் குழிந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.