நான்கு வரைபடங்களுக்கு மேல் ஒரே தலைப்பு: ஆர் மொழியில் எப்படி வைப்பது?

ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குக்கும் வரைபடத்துக்கும் பயன்படும் நிரல்மொழி. அதை நிறுவும்போதே கூட வருகிற ஏர்குவாலிட்டி தரவை எடுத்துக்கொள்வோம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் நாள்தோறும் பதிவான ஓசோன், சூரியக் கதிர்வீச்சு, காற்று, வெப்பநிலை. நான்கையும் ஒரே பக்கத்தில் வரைந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைப்பு வேண்டும். (ஆணைகளை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில் இடம் ஒதுக்க வேண்டும். எம்எஃப்ரோ பக்கத்தை இரண்டுக்கு இரண்டாகப் பிரிக்கும், ஓஎம்ஏ படங்களைச் சுற்றி வெளி ஓரம் விடும், பழைய அமைப்பு ஓபியில் சேமிக்கப்படும்:

ஓபி <- பார்(எம்எஃப்ரோ = சி(2, 2), ஓஎம்ஏ = சி(0, 0, 3, 0))

பிறகு நான்கு பிளாட் ஆணைகள், ஒவ்வொன்றிலும் மெயின் என்ற இடத்தில் அதன் சொந்தப் பெயர். ஓசோனைக் கோடாக வரைந்தால் அங்கங்கே அறுந்து தெரியும். பதறாதீர்கள், 153 நாட்களில் 37 நாள் ஓசோன் அளவே இல்லை.

கடைசியாகத் தலைப்பு (அவுட்டர் என்றால் வெளி ஓரத்தில் எழுது, லைன் எந்த வரியில், செக்ஸ் எழுத்தளவு):

எம்டெக்ஸ்ட்("நியூயார்க் 1973", அவுட்டர் = ட்ரூ, லைன் = 1, செக்ஸ் = 1.3)

பலரும் மாட்டிக்கொள்வது ஓஎம்ஏவில்தான். எம்டெக்ஸ்ட் சரியாக இருக்கும், பிழைச்செய்தியும் வராது, ஆனால் தலைப்பைக் காணோம். காரணம், வெளி ஓரத்தின் இயல்பு அளவு நான்கு பக்கமும் சுழியம். எழுத இடமே இல்லாததால் தலைப்பு பக்கத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஓஎம்ஏவின் நான்கு எண்களும் கீழ்ப்பக்கம், இடப்பக்கம், மேல்பக்கம், வலப்பக்கம் என்ற வரிசையில் வரும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது, அதுவும் வரிக்கணக்கில். வரைந்து முடித்தபின் ஓஎம்ஏவை மாற்றினால், ஏற்கெனவே வரைந்தவை நகர்ந்து வழிவிடாது. முதலிலிருந்து வரையுங்கள். எம்டெக்ஸ்டை முதல் படத்துக்கு முன்பே கொடுத்தால் பிழைதான் வரும்.

டைட்டில் ஆணையிலும் அவுட்டர் உண்டு. ஆனாலும் நான் எம்டெக்ஸ்டையே சொல்வேன். இரண்டுக்கு இரண்டு அமைப்பில் ஆர் எழுத்தளவை 0.83 ஆகத் தானே சுருக்கிவிடும். எம்டெக்ஸ்டின் செக்ஸ் அந்தச் சுருக்கத்துக்கு உட்படாது. 1.3 என்றால் 1.3தான்.

வேலை முடிந்ததும் பார்(ஓபி) கொடுத்துப் பழைய அமைப்புக்குத் திரும்புங்கள். இதை விட்டால் அடுத்து வரையும் படமும் கால் பக்கத்தில் ஒடுங்கும்.

ஆரின் இன்னொரு வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2 பயன்படுத்துகிறவர்களுக்கு பார் பலிக்காது. பேட்ச்வொர்க் தொகுப்பை எடுங்கள். படங்களைச் சேர்த்து மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே + பிளாட்_அனோடேஷன்(டைட்டில் = "...") என்று கொடுங்கள். அங்கே ஜிஜிபிளாட்2இன் வழக்கமான தலைப்பு ஆணையான ஜிஜிடைட்டில் போட்டால் கடைசிப் படத்துக்கு மட்டும்தான் தலைப்பு வரும்.

பின்சேர்க்கை: தலைப்பைத் தமிழில் வைத்தால் பிடிஎஃப்பில் வெறும் புள்ளிகளாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வழக்கமான பிடிஎஃப் ஆணைக்குத் தமிழ் எழுத்து வராது. ராக் தொகுப்பின் ஏஜிஜி_பிஎன்ஜி கொண்டு படமாகச் சேமியுங்கள். கணினியில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் கொம்பும் காலும் உரிய இடத்தில் வரும்.