இங்கிலாந்தின் கிராமக் கவுண்டித் தேர்தல்கள், 1919–1939: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால், மார்ச் மாதத்துப் பக்கங்களில் கவுண்டி கவுன்சில் தேர்தல் முடிவுகள் கிடைக்கும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி; கவுண்டி கவுன்சில் அதன் உள்ளாட்சி மன்றம். நார்ஃபோக் ஆனாலும் சரி, டோர்செட் ஆனாலும் சரி, பெயர் பெயராக 'போட்டியின்றித் தேர்வு' என்று போய்க்கொண்டே இருக்கும். ஊருக்கு அக்கறை இல்லை போல என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நானும் அப்படித் திருப்பியவன்தான். இரு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த கிராமப்புற இங்கிலாந்தைப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது.

மனுத் தாக்கலுக்கு முன்பே பல இடங்களில் விஷயம் முடிந்துவிடும். கவுன்சிலருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் வார நாளில், பகலில், கவுண்டித் தலைநகரில் நடக்கும். நார்ஃபோக்கில் 1923-ல் பெரிய வேலைநிறுத்தம் நடத்திய பிறகும் பண்ணைத் தொழிலாளிக்கு வாரக் கூலி 25 ஷில்லிங்தான். ஒரு நாள் நாரிச்சுக்குப் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்தால் ஏறக்குறைய 4 ஷில்லிங் போய்விடும். வண்டிக் கூலி தனி. அவர் குடியிருக்கும் வீடும் பெரும்பாலும் பண்ணையாருடையது. வேலை போனால் வீடும் போகும். அந்தப் பண்ணையாரோ அவருடைய சிநேகிதரோ வேட்பாளராக நிற்கும்போது எதிர்த்து யார் மனு கொடுப்பார்? முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கூட ஊருக்குத் தெரிந்துவிடும். நிலக்கிழார், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, பெரிய விவசாயி என்று கவுன்சில் நிரம்பியதற்கு இதெல்லாம் காரணம். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் மாதிரி ஆட்களும் இருந்தார்கள். ஆறு வயதில் காக்கை விரட்டப் போனவர், கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் எழுத்துக் கற்றவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி, நார்ஃபோக் கவுண்டி கவுன்சிலுக்கும் 1920-ல் நாடாளுமன்றத்துக்கும் போனவர். ஆனால் அவரை வைத்துக் கவுண்டியை எடை போட முடியாது.

'சுயேச்சை' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே அச்சாகாது. 1969-க்குப் பிறகுதான் அது வந்தது. சுயேச்சைகளில் நிறையப் பேர் நாடாளுமன்றத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் ஆட்கள்தான். அதற்காக அவர்கள் எல்லோரையும் கூட்டிக் கன்சர்வேட்டிவ் கணக்கில் எழுதினால் அதுவும் தப்பு. கவுன்சிலில் அவர்களுக்குக் கொறடா கிடையாது. பாலம் என் ஊருக்கா உன் ஊருக்கா என்பதுதான் பல நாள் சண்டை. 1919-ல் டர்ஹம் கவுண்டியை லேபர் கட்சி பிடித்ததை எடுத்துக்காட்டி, கிராமங்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்தன என்று எழுதுகிறவர்களும் உண்டு. டர்ஹம் நிலக்கரிச் சுரங்க ஊர்களின் கவுண்டி. கோதுமை விளையும் கவுண்டிகளின் கதை வேறு.

அடுத்தது ஒரு மொழிபெயர்ப்புத் தவறு, நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. 'பாரிஷ் கவுன்சில்', அதாவது ஒரு கிராமத்துக்கான உள்ளாட்சி மன்றம், என்பதைத் தேவாலய அமைப்பு மாதிரிப் 'பங்குப் பேரவை' என்று எழுதிவிடுகிறார்கள். பங்கு, பங்குத் தந்தை என்று புழங்குகிறவர்களுக்கு அது இயல்பாக வரும்தான். ஆனால் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்தின் கையிலிருந்து பிரித்து உண்டாக்கியதே இந்தக் கவுன்சில். இதைப் பிடிக்காவிட்டால் பர்ஸ்டன் கதை புரியவே புரியாது.

பர்ஸ்டன், நார்ஃபோக்கில் ஒரு சின்ன ஊர். 1913 பாரிஷ் கவுன்சில் தேர்தலில் அங்கே பள்ளி ஆசிரியர் டாம் ஹிக்டன் முதலிடத்தில் வந்தார். தொழிலாளர் சங்கத்து ஆள். ஊர் ரெக்டர், அதாவது தேவாலயத்தின் குரு, தோற்றுப்போனார். சரி, மக்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று இங்கே நிறுத்தினால் அதுவும் தவறு. பாரிஷ் கவுன்சிலின் கையில் இருந்தது நடைபாதை, விளக்கு, குத்தகைத் தோட்டம், அதற்குக் கொஞ்சம் வரி. பள்ளி நிர்வாகக் குழு ரெக்டரின் பிடியிலேயே இருந்தது. பள்ளிக்கூடமோ கவுண்டியின் கல்விக் குழுவுக்குக் கீழே. 1914 ஏப்ரல் 1-ஆம் தேதி டாமும் அவர் மனைவி கிட்டியும் வேலையை இழந்தார்கள். 72 பிள்ளைகளில் 66 பேர் வகுப்பை விட்டு ஊர்வலமாக வெளியே வந்தார்கள். அவர்களுக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தப் பள்ளி 1939 வரை நடந்தது. எந்தத் தேர்தல், எந்த அமைப்புக்கு, அந்த அமைப்பின் கையில் என்ன என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

பாரிஷ் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்வதும் வழக்கம். மார்ச் மாதத்து மாலை, பள்ளிக்கூட அறை, எண்ணெய் விளக்கு. பெயரை வாசிப்பார்கள், கை தூக்க வேண்டும். கூலி கொடுக்கிறவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் எழுந்து நின்று கேட்க வேண்டும், செலவும் ஊர் வரியில்தான் விழும். கை தூக்கும் முறை இரண்டாம் உலகப் போர் முடியும்வரை போகவில்லை.

1928-ல் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டதே என்பார்கள். நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1931-ல் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயிக்கும் அவர் மனைவிக்கும் கவுண்டித் தேர்தலில் ஓட்டு உண்டு. அதே வீட்டில் இருக்கும் 25 வயது மகனுக்கு இல்லை; அங்கேயே தங்கிப் பால் கறக்கும் 22 வயதுப் பெண்ணுக்கும் இல்லை. உள்ளாட்சி ஓட்டு வீட்டையோ நிலத்தையோ உரிமையாளராகவோ வாடகைக்கோ வைத்திருப்பவருக்கும், அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும்தான். 1945-ல்தான் நாடாளுமன்ற ஓட்டும் உள்ளாட்சி ஓட்டும் ஒன்றாக வந்தன. ஆகவே நாடாளுமன்ற வாக்காளர் எண்ணிக்கையை வைத்துக் கவுண்டித் தேர்தலுக்குச் சதவீதம் போட்டால் கணக்கு உதைக்கும்.

ஆல்டர்மேன்களை, அதாவது மக்கள் ஓட்டு இல்லாமல் கவுன்சிலே தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களை, மறந்துவிடாதீர்கள். 60 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தால், அந்தக் கவுன்சிலே இன்னும் 20 பேரை ஆறு வருடத்துக்குச் சேர்த்துக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதில் பாதிப் பேர்தான் மாறுவார்கள். மக்களிடம் தோற்றவரைக்கூட ஆல்டர்மேன் ஆக்கலாம். தேர்தல் முடிவை மட்டும் பார்த்து 'பெரும்பான்மை' என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

1930 ஏப்ரல் 1-ஐ ஒரு கோடு மாதிரி வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை கவுண்டிக்கும் பாரிஷுக்கும் நடுவில் இருந்த ஊரக மாவட்டக் கவுன்சிலுக்கு ஜெயித்தவரே ஏழை நிவாரணத்தை முடிவு செய்யும் 'கார்டியன்' ஆகவும் உட்காருவார். சாக்கடை பார்க்கும் கவுன்சில்தானே என்று அலட்சியம் செய்ய முடியாத பதவி. ஒரு விதவைக்கு வாரம் எத்தனை ஷில்லிங் என்பது அவர் வாயில் இருந்தது. அன்றைய தேதியோடு கார்டியன் போர்டுகள் ஒழிந்து, அந்த வேலை கவுண்டி கவுன்சிலுக்குப் போனது. கிராமச் சாலைகளும் கூடவே போயின.

தேதிக் குழப்பம்: பரோ என்னும் நகரங்களுக்கு நவம்பரில் தேர்தல், கவுண்டிக்கு மார்ச்சில். 1931 அக்டோபரில் லேபர் கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் நொறுங்கியது. அந்த அடி 1931 கவுண்டி முடிவுகளில் தெரிகிறது என்று எழுதினால், ஏழு மாதம் முன்னால் நடந்ததற்குப் பின்னால் நடந்ததைக் காரணம் காட்டியதாகும்.

வரைபடத்திலும் ஏமாறலாம். நார்ஃபோக் கவுண்டி கவுன்சிலுக்கு நாரிச்சும் கிரேட் யார்மத்தும் ஓட்டுப் போடவில்லை; அவை கவுண்டி கவுன்சிலின் கீழ் வராமல் தனியாக நிர்வாகம் நடத்திய 'கவுண்டி பரோ' நகரங்கள். லிங்கன்ஷையருக்கு மூன்று கவுண்டி கவுன்சில்கள், சஃபோக்குக்கு இரண்டு.

அப்புறம், 1940 மார்ச்சில் வரவேண்டிய தேர்தலைத் தேட வேண்டாம், நடக்கவில்லை. 1937-ல் ஜெயித்தவர்கள் போர் முடிந்து 1946 வரை நீடித்தார்கள். நடுவில் யாராவது இறந்தால் மற்ற உறுப்பினர்களே ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1943-ஆம் ஆண்டு நாளிதழில் 'புதிய கவுன்சிலர்' என்று ஒரு பெயர் வந்தால், அவருக்கு ஊரில் ஒருவரும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்.